என் மேசை நீங்கலாக

நல்லவர்கள் நம்மைத் திட்டிவிட்டுப் போனால் தாங்கிக்கொள்ளலாம். நம்பிவிட்டுப் போனால்தான் பாடு திண்டாட்டம். இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறவர் கருப்புத்திரை. ஒரு பெரிய மருத்துவமனையில் கணினி வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்கிற மனிதர். வயது நாற்பத்திரண்டு, முன்வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி. மற்றவர்கள் கணினியில் வண்ண வண்ணமாய்ப் படமும் பட்டனும் இருக்கும். இவர் கணினியில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து மட்டும் விறுவிறுவென்று ஓடும். நர்சுகள் வேடிக்கையாக வைத்த பெயர், நிர்வாகி வரைக்கும் நிலைத்துவிட்டது. ‘நான் இன்றைக்கு மனிதனாக நடமாடுகிறேன் என்றால் அதற்குக் காரணம் டோக்கன் அக்கா’ என்று அவர் யாரும் கேட்காமலே சொல்வார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

டோக்கன் அக்கா நோயாளிகளுக்குப் பதிவு போட்டு வரிசை எண் கொடுக்கிறவர். ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடலாம். இந்த முறைதான் நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது, மூன்றாவது பெயராக. நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவச் சலுகை உண்டு. வீட்டில் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துபோன கணவர் இருக்கிறார். தினமும் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடக்க வாய்ப்பு இருக்கிறது என்று அதே மருத்துவமனை டாக்டர்தான் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சியைச் சலுகை இல்லாமல் கொடுக்க அக்காவால் ஆகாது. ஆக, அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர் என்பது ஒரு மனிதர் எழுந்து நடப்பதா, படுத்தே கிடப்பதா என்கிற சமாச்சாரம்.

இனி நம்மாளின் வேலை. எந்த அறையிலிருந்து எது கிளம்பினாலும், எக்ஸ்ரே படமோ, ரத்தப் பரிசோதனை முடிவோ, மருந்துச் சீட்டோ, கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். கருப்புத்திரை தன் மேசையில் உட்கார்ந்தபடியே அந்த சர்வருக்குள் நுழைந்து ஒரு கட்டளை அடிப்பார். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்ன போகிறது என்று உள்ளும் புறமுமாக வரிவரியாக ஓட ஆரம்பிக்கும். நீளமான கட்டளை. தினமும் அடிக்கச் சோம்பல்பட்டு அதை ஒரு கோப்பில் போட்டு ‘பார்’ என்று பெயர் வைத்துவிட்டார். ‘பார்’ என்று அடித்து என்டரைத் தட்டினால் போதும், பார்க்கும்.

அந்தக் கட்டளையின் வாலில் ஒரு விதிவிலக்கு உண்டு: என் மேசை நீங்கலாக. சர்வர் காட்டுகிற வரிகள் இவர் திரைக்கு வந்து சேர்வதும் அதே கம்பி வழியாகத்தானே? அதையும் பார் என்று சொல்லிவிட்டால், காட்டிய வரியைக் காட்ட ஒரு வரி, அந்த வரியைக் காட்ட இன்னொரு வரி என்று ஓயாமல் பெருகிக் கம்பியே திணறிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டார். அதனால் தன் மேசையின் எண்ணான முப்பத்தொன்றை மட்டும் விட்டுவிடு என்று எழுதி வைத்தார். எழுதி ஏழு வருஷம் ஆகிறது. அப்புறம் அந்தக் கோப்பை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை, நல்லா இருக்கிற வீட்டுக் கூரையை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

மூன்று வாரத்துக்கு முன்னால் அறைகள் மாறின. பதிவுக் கவுன்டரை வாசலுக்குப் பக்கத்தில் புதுக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். காலியான பழைய கவுன்டர் அறையைக் கருப்புத்திரைக்குக் கொடுத்தார்கள். சுவரில் அந்தச் சின்ன ஜன்னல் அப்படியே இருந்தது. பழைய நோயாளிகள் வழக்கம்போல வந்து அதைத் தட்டி, “டோக்கன் குடுங்க சார், காலையிலேருந்து நிக்கறேன்” என்று கையை நீட்டுவார்கள். இவர் திருப்புளியோடு எழுந்து புதுக் கூடத்துக்கு வழி காட்டுவார். ஒரு பாட்டனார் மட்டும், “நீங்களே ஒண்ணு எழுதிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

இடம் மாறிய அன்றைக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு புகார் வந்தது: முடிவுகள் தாமதமாகப் போகின்றன. கம்பிகளை மாற்றிப்போட்ட நாளில் அது சகஜம். ஆனால் கருப்புத்திரை பொறுப்பான மனிதர். மறுநாள் காலை பத்து மணிக்கு ‘பார்’ போட்டார். வலைப்பின்னல் நத்தையாக ஊர்ந்தது. ஒரு எக்ஸ்ரே படம் மேல்மாடிக்குப் போக இருபது நிமிஷம். அறுவைசிகிச்சை டாக்டர் கத்தினார். அதற்கு மறுநாளும் பத்து மணிக்கு ‘பார்’ போட்டார். மறுபடி நத்தை. இப்படியே மூன்று வாரம். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குத்தான் புரியவில்லை!

சர்வரில் ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு அனுப்புகிறது, வாங்குகிறது என்று கூட்டிப் பார்த்தார். முதலிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு. யாரடா அது என்று தன் பட்டியலைத் திறந்தார். எண்ணுக்கு எதிரே ஆள் பெயர் எழுதிய பட்டியல், அவர் கையால் தயாரித்தது. நூற்றுப் பன்னிரண்டுக்கு எதிரே: பதிவுக் கவுன்டர், பிறகு அக்காவின் முழுப்பெயர்.

போதாக்குறைக்கு இன்னொன்றும் சேர்ந்தது. அவர் தேநீர் குடிக்க ‘பார்’ஐ நிறுத்திவிட்டு எழுந்தால், நெரிசலும் சட்டென்று நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தால் ஆரம்பித்தது. புதுக் கவுன்டருக்கும் இவர் அறைக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. அக்கா நிமிர்ந்தால் இவர் எழுந்து போவது தெரியும். ‘அடேயப்பா, என்ன கில்லாடித்தனம்! நான் எழுந்தா நிறுத்தறாங்க, உக்காந்தா ஆரம்பிக்கறாங்க’ என்று மனசுக்குள் பொருமினார். இவ்வளவு நாள் வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிட்ட மனிதர். கருப்புத் திரை சொன்னதும் அக்காவை விட்டுவிட்டுத் திரையை நம்பினார்.

நிர்வாகி “ஆள் யாருன்னு எனக்கு வேணும்” என்று நெருக்கியபோது, இவர் மின்னஞ்சல் ஒன்று எழுதினார். நூற்றுப் பன்னிரண்டாம் எண், பதிவுக் கவுன்டர், அக்காவின் முழுப்பெயர், நான் இருக்கையில் இல்லாதபோது பயன்பாடு நின்றுவிடுகிறது. துறைத் தலைவர்கள் நாற்பது பேருக்கும் நகல். சாயங்காலத்துக்குள் மருத்துவமனை முழுக்கக் கதை கட்டிவிட்டார்கள்: டோக்கன் அக்கா கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு படம் பார்க்கிறாராம். அக்காவுக்கு நோட்டீஸ் போனது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் நிரூபணமானால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சற்று முன்னால் அக்கா இவர் அறைக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று இவர் நாற்காலியில் விறைத்துக்கொண்டார். அக்காவின் கையில் சுருட்டிய நீல ஒயர் ஒன்று இருந்தது.

“தம்பி, எனக்கு இந்த கம்ப்யூட்டர் விஷயம் ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால உங்ககிட்டயே வந்துட்டேன்” என்றார். “நேத்து பத்து மணிக்கு நான் ஒயரைக் கழட்டி வச்சிட்டேன். பதினொண்ணு வரைக்கும் கையாலதான் எழுதினேன். நூத்திநாலு பேர். விரல் இன்னும் வலிக்குது. அப்பவும் நானா?”

நேற்றுப் பத்திலிருந்து பதினொன்று வரை நூற்றுப் பன்னிரண்டு ஆட்டமாய் ஆடியது இவருக்கு நன்றாக நினைவிருந்தது. “ஒயரைக் கழட்டினீங்களா, சரியா கழட்டினீங்களா?” என்றார், கொஞ்சம் நக்கலாகவே.

அக்கா கோபிக்கவில்லை. கையிலிருந்த ஒயரை மேசைமேல் வைத்தார். “இந்தாங்க. இப்பவும் கழட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இதுதான் என் ஒயர். என் பெட்டியில வேற ஒயர் கிடையாது. இப்ப பாருங்க.”

இவர் ‘பார்’ என்று அடித்தார். என்டரைத் தட்டினார். நூற்றுப் பன்னிரண்டு பாய்ந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. வரிக்கு வரி, பக்கத்துக்குப் பக்கம், நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பன்னிரண்டு.

“உங்க நம்பர்தான் அக்கா ஓடுது.”

“ஒயர் இங்க இருக்கே தம்பி.”

இவர் திரையைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அந்த மருத்துவமனையில் எண் என்பது கணினிக்குக் கிடையாது, சுவரில் இருக்கும் இணைப்புத் துளைக்குத்தான். எந்தத் துளையில் செருகுகிறோமோ அந்த எண். அப்படி ஏற்பாடு செய்ததே இவர்தான். மெதுவாகக் குனிந்து, தன் காலடியில், தன் கணினியின் ஒயர் போய்ச் செருகியிருந்த துளையைப் பார்த்தார். துளைக்கு மேலே பழுப்பேறிய சின்னத் தாள் ஒட்டியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. அவர் கையெழுத்து.

தூக்கிவாரிப்போட்டது. அடுத்தவர் முகவரியெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த மனிதர், தன் முகவரி மாறியதைக் கவனிக்கவில்லை. முப்பத்தொன்றை விட்டுவிடு என்று கட்டளை சொல்கிறது. முப்பத்தொன்று இருக்கும் அவருடைய பழைய அறையில் இப்போது துடைப்பமும் வாளியும் இருக்கின்றன. இவர் பார்க்கப் பார்க்க, பார்ப்பதையே பார்த்து, பார்த்ததையே காட்டி, மூன்று வாரமாக மருத்துவமனையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது இவருடைய ‘பார்’தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“யாரு தம்பி அது?” என்று அக்கா கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை மனிதருக்கு! “பாத்துட்டு... பாத்துட்டுச் சொல்றேன் அக்கா” என்றார்.

“நிதானமா பாருங்க. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்.” அக்கா ஒயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கவுன்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அக்கா அடித்துப் பேசியிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. கதவைச் சாத்திவிட்டுக் கோப்பைத் திறந்தார். முப்பத்தொன்றை அழித்து நூற்றுப் பன்னிரண்டு என்று மாற்றினார். அவ்வளவுதான் வேலை. ‘பார்’ போட்டார். திரையில் வரிகள் அமைதியாக, ஒன்றன்பின் ஒன்றாக, மரியாதையாக வந்தன. எக்ஸ்ரே அறை ஒரு படம் அனுப்பியது, மேல்மாடி வாங்கிக்கொண்டது. பரிசோதனைக் கூடம் ஒரு முடிவு அனுப்பியது. மூன்று வாரமாக ஆட்டம் போட்ட வலைப்பின்னல் சாதுவாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார். மனைவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “மூக்குமேல கண்ணாடிய வச்சுக்கிட்டு வீடு பூரா தேடற ஆளுதானே நீங்க! ஆபீஸ்லயும் அதே கூத்தா?”

“நோட்டீஸ் போயிருச்சுடி அந்த அக்காவுக்கு.”

மனைவியின் சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தார். “எந்த அக்கா? உங்களுக்கு டைபாய்டு வந்தப்போ கூட்டத்துல என்னை உள்ள விட்டு, முதல் டோக்கன் போட்டுக் குடுத்தாங்களே, அவங்களா?”

“அவங்கதான்.”

“சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?”

“இல்ல.”

“ஏங்க, சோறு இறங்குமா உங்களுக்கு?” என்றார் மனைவி. கேட்டது அவ்வளவுதான். அன்றைக்கு நிஜமாகவே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், விசாரணைக்கு ஒருமணி நேரம் முன்னாலேயே நிர்வாகியின் அறைக்குப் போய் நின்றார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நிர்வாகி தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காகிதத்தில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்கிறவர்.

“சரி விடுங்க. அந்த அம்மா நோட்டீஸை வாபஸ் வாங்கிடறேன். டெக்னிக்கல் கோளாறு, சரிபண்ணியாச்சுன்னு நானே ஒரு வரி போட்டுடறேன். யார் பேரும் வேணாம். உங்களுக்கும் அடுத்த வருஷம் பிரமோஷன் இருக்கில்ல?”

காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது, பொய் சொல்வானேன். அக்காவின் வேலை பிழைத்தது. இவர் மானமும் பிழைத்தது. இதைவிட என்ன வேண்டும்? ஒரு நொடி தலையாட்டப் பார்த்தார். அப்புறம், ‘யார் பேரும் வேணாம்’ என்ற வார்த்தை நெஞ்சில் குத்தியது.

“சார், நான் எழுதினதுல பேர் இருந்துச்சே. முழுப்பேர். நாப்பது பேருக்கு.”

“அதான் வாபஸ்னு சொல்றேனே.”

“நோட்டீஸை வாபஸ் வாங்கலாம் சார். நாப்பது பேர் பேசினதை எப்படி வாங்கறது? கோளாறுன்னு போட்டா, பாவம்னு விட்டுட்டாங்கன்னுதான் சொல்வாங்க. நானே அதே நாப்பது பேருக்கும் எழுதறேன்.”

“எழுதினா உங்க ஃபைல்ல ஏறும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது.”

“ஏறட்டும் சார்.”

எழுதுவதற்கு முன்னால் கவுன்டருக்குப் போனார். அக்காவிடம் நேரில் சொல்லாமல் நாற்பது பேரிடம் சொல்வது முறையில்லை என்று பட்டது. வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கவுன்டரின் பக்கவாட்டில் போய்க் குனிந்து, “அக்கா, அது நான்தான். உங்க பழைய ரூம் நம்பர் என்கிட்ட வந்துருச்சு, நான் மாத்தல. நான் பாத்ததுதான் எல்லாத்தையும் அடைச்சுது. நீங்க எதுவுமே பண்ணல” என்றார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. “ஒம்பது வருஷம் தம்பி. ஒம்பது வருஷத்துல ஒருத்தர் என்னை ஒரு சொல் சொன்னதில்ல. நேத்து என் பொண்ணு கேக்குது, ‘என்னம்மா, ஆபீஸ்ல படம் பாத்தியாமே’ன்னு. அது யார் வாயில விழுந்து, யார் வாயில எழுந்து என் வீட்டுக்கு வந்துச்சோ.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போங்க. ஆளுங்க நிக்கறாங்க.” அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அக்கா கோபித்தது நியாயம். கோபிக்காமல் இருந்திருந்தால்தான் இவருக்கு அறைக்குத் திரும்பி நடக்கக் கால் வந்திருக்காது. போய் உட்கார்ந்து எழுதினார். இரண்டு முறை அழித்து எழுதினார், சாக்குச் சொல்கிற வாக்கியம் தானாக வந்து நுழைந்துகொண்டே இருந்ததால். கடைசியில் இப்படி நின்றது: ‘மூன்று வாரமாக ஏற்பட்ட நெரிசலுக்குக் காரணம் நான். என் மேசையின் எண் மாறியதை நான் என் கட்டளையிலும் பட்டியலிலும் மாற்றவில்லை. பதிவுக் கவுன்டரில் ஒரு தவறும் நடக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்ததும் நான் இல்லை. பதிவுக் கவுன்டரில் இருப்பவர் தன் ஒயரைக் கழற்றி என் மேசைமேல் வைத்துக் காட்டினார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவருக்கு நன்றி சொல்கிறேன்.’ அதில் அக்காவின் முழுப்பெயரை எழுதி, நாற்பது பேருக்கும் அனுப்பினார்.

கேலிக்குக் குறைவில்லை. ஒரு வாரத்துக்கு யார் எதிரே வந்தாலும், “என்ன கருப்புத்திரை, திருடன் கிடைச்சானா?” என்று கேட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டி, “இவரைத் தெரியுமா பாருங்க” என்றார். இவர் அசடு வழியச் சிரித்து வைத்தார். ஆனால் யார் எதைச் சொன்னாலும் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அது போதும் என்று இருந்தது. ஜன்னலைத் தட்டி டோக்கன் கேட்கும் நோயாளிகளைக்கூட அந்த வாரம் கவுன்டர் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அக்கா நிமிர்ந்து பார்ப்பார், பேச மாட்டார்.

நன்றி என்பது இவருக்கு அதுவரை ஒரு மரியாதை வார்த்தை. கதவைத் திறந்துவிட்டால் சொல்வது, உப்பை எடுத்துக் கொடுத்தால் சொல்வது. அந்த நாட்களில்தான் அது பசி மாதிரி வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று தெரிந்தது. அக்கா நேராக நிர்வாகியிடம் போயிருக்கலாம், இவர் வேலையே தெரியாதவர் என்று நாலு பேர் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் இவரிடம் வந்து, நீங்களே பாருங்கள் என்று சொன்னார். தன் வாழ்க்கையைக் கெடுத்தவன் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்து, சரிசெய் என்று நம்பிவிட்டுப் போனார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று மனிதருக்கு விளங்கவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா இவர் அறை வாசலில் வந்து நின்றார். கையில் நீளமான உறை.

“ஆர்டர் வந்துருச்சு தம்பி.”

இவர் எழுந்துவிட்டார். “அக்கா!”

“இப்பதான் குடுத்தாங்க. வீட்டுக்குக்கூட இன்னும் போன் பண்ணல. அவருக்கு அடுத்த வாரமே பயிற்சி ஆரம்பிக்கலாமாம்.” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “உங்க மேல எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. அதையும் சொல்லிடறேன். ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரிஞ்சிருக்காது. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

“ஐயோ அக்கா, நன்றி நீங்க சொல்றதா? நான்தான்...” என்றார்.

“இருங்க, இருங்க. எனக்கு ஒண்ணு பண்ணுங்க.” அக்கா உறையிலிருந்து காகிதத்தை எடுத்து இவரிடம் நீட்டினார். “இதைச் சத்தமா படிங்க. உங்க எழுத்துலதான் என் பேர் கெட்டுது. உங்க வாயால என் பேரை நல்லபடியா ஒருதடவை கேட்டுட்டுப் போறேன்.”

கருப்புத்திரை காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நின்றபடியே, வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தார். தேதி படித்தார். எண் படித்தார். பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டார். இவர் ஒருவாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.